வீட்டில் ‘மாட்டேன்’ சொல்லத் தெரியாத பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் துணி துவைக்கும்போது அவன் யூனிஃபார்ம் பேன்ட் பாக்கெட்டில் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கி வைக்கும் புகையிலைப் பை) இருந்தது. கேட்டால், ‘என்னுது இல்லம்மா, ஃபிரெண்டு வெச்சுக்கச் சொன்னான்’ என்றான். அவன் அப்பா பெல்ட்டை எடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவனாகவே வந்து, ‘ரெண்டு மூணு தடவை வாயில வெச்சேன். எல்லாரும் வெச்சாங்க’ என்று என்னிடம் அழுதான். ஆறாம் வகுப்பிலிருந்து அவர்கள் ஐந்து பேர் ஒரே செட்டு. அதில் ஒரு பையன் வீட்டுக்கு வந்து இவனுக்குக் கணக்குக்கூடச் சொல்லித்தருவான். என் மகன் இதுவரை எங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, சொன்னதைக் கேட்பான். அவன் எப்படி இதில் போய் விழுந்தான் என்றே புரியவில்லை. அந்தப் பையன்களோடு பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறோம். பள்ளியையே மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எப்படி விழுந்தான் என்று கேட்கிறீர்கள். அதற்கு முந்தைய வரியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். ‘எங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, சொன்னதைக் கேட்பான்.’ பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நம் ஊரில் எந்தத் தாயும் அப்படித்தான் எழுதுவார். ஆனால் சொன்னதைக் கேட்டே பழகிய பிள்ளை, யார் சொன்னாலும் கேட்பான். வீட்டில் நீங்கள் சொன்னீர்கள், கேட்டான். வகுப்பில் செட்டு சொன்னது, அதையும் கேட்டான். இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் அவசரமானவை.

அடி வாங்கிய இரண்டாவது நாள் அவனே வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி இதுதான். பெல்ட்டுக்குப் பயந்து சொன்னதாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான். இன்னும் உங்களிடம் வரலாம் என்று நினைக்கிறான். அந்த நினைப்பு உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு உங்கள் முதல் வேலை. ‘நீயா வந்து சொன்னியே, அது பெரிய விஷயம்டா’ என்று சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் இன்று ராத்திரி சொல்லுங்கள். அதோடு ‘ஆனா...’ என்று எதையும் சேர்க்காதீர்கள்.

அப்புறம், ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். புகையிலைப் பையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் எந்த இடத்தில் வைத்தான் என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். அங்கே வெள்ளைத் திட்டோ புண்ணோ இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். இரண்டு மூன்று தடவையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் பிள்ளைகள் ‘ரெண்டு மூணு’ என்று சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாமல் இருக்கும் நாட்களில் காரணமில்லாத எரிச்சல், தலைவலி, கவனம் நிற்காமை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு பரபரப்பு, இப்படி ஏதாவது தெரிந்தால் நிக்கோட்டின் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை அதட்டி நிறுத்த முடியாது. 14416 என்ற எண் ‘டெலி மானஸ்’, அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகையிலையை விடுவதற்கென்றே 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. 13 வயதுப் பிள்ளைக்கு நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை நீங்களே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், டாக்டர் சொல்லட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நண்பர்களின் அழுத்தம் என்றதும் நமக்கு ஒரு காட்சி தோன்றும். நாலு பேர் ஒருவனைச் சுவரோரம் நிறுத்தி, ‘போடுறியா இல்லையாடா’ என்று மிரட்டுவது. அப்படி நடந்தால் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அது தப்பு என்று அவர்களுக்கே தெரிகிறது. நிஜத்தில் நடப்பது வேறு. லஞ்ச் முடிந்து கை கழுவும் இடத்தில் ஒருவன் டப்பாவை நீட்டுகிறான். ஒருவரும் வற்புறுத்தவில்லை. நாலு பேர் எடுத்துவிட்டார்கள், ஐந்தாவது ஆள் உங்கள் மகன். எல்லாரும் அவன் கையைப் பார்க்கிறார்கள். ‘விடுறா, அவன் அம்மா புள்ள’ என்று ஒருவன் சிரிக்கிறான். அவ்வளவுதான். இதில் யார் மேல் புகார் சொல்வது? யாரும் எதுவும் செய்யவில்லையே! அதனால்தான் அவனுக்கே அது அழுத்தம் என்று தெரியாது. ‘நானாத்தான் எடுத்தேன்’ என்று நம்பிக்கொண்டிருப்பான்.

பெரியவர்களான நாமே இந்தப் பார்வையைத் தாங்குவதில்லை. அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டார். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் அவர் ஏற்கெனவே தயார் செய்து வைத்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொன்னபோது, உண்மையில் சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதே தப்பான பதிலாக இருந்தது. முன்பின் தெரியாத ஆட்கள், அதுவும் ஒரு கோட்டின் நீளத்துக்காக. உங்கள் மகனோ மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நண்பர்களுக்கு முன்னால் நின்றான்.

அந்தச் சோதனையின் இன்னொரு பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதுதான். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னால் போதும், தலையாட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. கூட்டம் முழுக்க மாற வேண்டியதில்லை. ஒரு ஆள் போதும். உங்கள் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லித்தரும் அந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவனிடம் திரும்ப வருகிறேன்.

வயதும் ஒரு காரணம். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தவர். 2005-ல் அவரும் மார்கோ கார்ட்னரும் வெளியிட்ட ஆய்வில் கணினியில் ஒரு கார் விளையாட்டு. பதின்ம வயதினர் தனியாக விளையாடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. நண்பர்களின் பேச்சுக்கு எதிராக நிற்கும் பலம் 14 வயதிலிருந்து 18 வரை படிப்படியாக வளர்கிறது, 10-லிருந்து 14 வரை பெரிதாக வளர்வதே இல்லை என்று 2007-ல் அவரும் கேத்ரின் மோனஹனும் எழுதினார்கள். உங்கள் மகன் அந்தப் பள்ளத்தின் நடுவில் நிற்கிறான். ‘இவ்வளவு சொல்லியும் புத்தி வரலையே’ என்று கேட்கத் தோன்றும். அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் எல்லாப் புத்தியும் இருக்கும். கை கழுவும் இடத்தில் நாலு பேர் பார்க்கும்போது அது கைக்கு எட்டாது.

ஆகவே ‘புகையிலை கெடுதல்’ என்ற பாடம் அவனுக்கு இனி தேவையில்லை. அந்தப் பொட்டலத்தின் மேலேயே எச்சரிக்கைப் படம் இருக்கிறதே. போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் பள்ளிகளில் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதிலிருந்து நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1983-ல் தொடங்கி, போலீஸ்காரர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பாடம் எடுக்க வைத்த ‘டேர்’ என்ற திட்டம் நாடு முழுக்கப் பரவியது. பின்னால் ஆய்வு செய்து பார்த்தபோது பிள்ளைகளின் பழக்கத்தில் நிலைத்த பலன் எதுவும் தெரியவில்லை. ‘வேண்டாம் என்று சொல்’ என்று சொல்லித்தருவது சுலபம். அதை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு அந்த செட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது என்பதுதான் பிள்ளையின் கஷ்டம்.

முதலில் அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். இதைப் பாடமாக எடுக்காதீர்கள். வண்டியில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, அவன் முகத்தை நேராகப் பார்க்காத ஏதாவது ஒரு நேரத்தில் பேச்சுவாக்கில் கேளுங்கள். ‘அன்னைக்கு நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா மறுநாள் என்னடா ஆயிருக்கும்?’ பதிலுக்கு அவசரப்படாதீர்கள். ‘ஒண்ணும் ஆயிருக்காது’ என்று அவன் நிஜமாகவே நம்பினால் அது நட்பு. ‘ஒரு வாரத்துக்கு ஓட்டுவாங்க’, ‘கிரிக்கெட்டுக்குச் சேர்த்துக்க மாட்டாங்க’ என்றால் அங்கே ஒரு விலை இருக்கிறது. விலை இருக்கும் இடத்தில்தான் அழுத்தமும் இருக்கிறது. இதை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது பத்து அறிவுரைக்குச் சமம்.

இன்னும் சில அறிகுறிகளையும் அவனே கண்டுபிடிப்பான். ‘வீட்ல சொல்லிடாத’ என்ற பேச்சு வந்தால் யோசிக்க வேண்டும். ‘எல்லாரும்’ என்ற வார்த்தை வந்தால் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் டப்பாவைத் தொட்டது ஐந்து பேர்தானே? மற்றவர்கள் ‘எல்லாரும்’ கணக்கில் வரமாட்டார்களா? வயிற்றில் ஒரு இறுக்கம், காது சூடாவது, சிரிக்கத் தோன்றாதபோது சிரிப்பது, இதெல்லாம் உடம்பு முன்கூட்டியே கொடுக்கும் தகவல். பையன்களுக்கு இதைச் சொல்லித்தரும் பழக்கமே நம்மிடம் இல்லை. பெண் பிள்ளைகளிடமாவது ‘யாராவது தப்பா நடந்தா உனக்கே தெரியும்’ என்று சொல்கிறோம்.

அடுத்தது, என்ன சொல்லி நழுவுவது. 13 வயதுப் பையன் ‘இது என் உடல்நலத்துக்குக் கேடு’ என்று வசனம் பேசினால் செட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் வாயில் நிற்கிற மாதிரி வாக்கியம் வேண்டும். ‘போன தடவ வெச்சு வாந்தி வந்துருச்சுடா, ஆள விடு.’ ‘எங்கப்பா தினமும் வாயத் தொறந்து காட்டச் சொல்றாருடா.’ இப்போதைய நிலையில் இந்த இரண்டாவதை உங்கள் கணவர் தாராளமாக இரவல் கொடுக்கலாம்! பழியை அப்பா மேல் போடுவது கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். செட்டில் மானம் போகாமல் தப்பிக்க அவனுக்கு ஒரு கதவு வேண்டும். தைரியமாக நின்று பேசுவது பதினாறு, பதினேழு வயதில் வரட்டும்.

சொல்வதைவிட அந்த இடத்தைவிட்டு நகர்வது இன்னும் சுலபம். தண்ணீர் பிடிக்கப் போகலாம், நோட்டு வாங்கப் போகலாம், லஞ்ச் முடிந்ததும் மைதானத்துக்குப் போகலாம். டியூஷனிலோ யார் வீட்டிலாவது இருக்கும்போதோ மாட்டிக்கொண்டால், யார் போனிலிருந்தாவது உங்களைக் கூப்பிட்டு ஒரு குறிப்பிட்ட வார்த்தையைச் சொல்லட்டும். ‘பாட்டி வந்துட்டாங்களாம்மா?’ என்று கேட்டால், நீங்கள் உடனே ‘ஆமா, கெளம்பி வா’ என்று அதட்டலாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் விசாரணை கிடையாது. சோறு போடுங்கள், தூங்கட்டும். மறுநாள் அவனே பேசுவான். முதல் தடவையே குறுக்குவிசாரணை நடந்தால் இரண்டாவது போன் வராது.

இதையெல்லாம் ஒத்திகை பார்க்க வேண்டும், ஆனால் அம்மாவோடு பார்க்க எந்தப் பையனும் விரும்பமாட்டான். கல்லூரி படிக்கும் ஒரு சித்தப்பா மகனோ மாமா மகனோ இருந்தால் பிரமாதம். அவன் டப்பா நீட்டுவதுபோல நடிக்கட்டும், கிண்டல் பண்ணட்டும், இவன் சமாளிக்கட்டும். சிரித்துக்கொண்டே செய்தால்தான் மனதில் நிற்கும்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருவோம். வெளியில் மறுத்துப் பேச வேண்டும் என்றால் எங்கேயாவது பழகியிருக்க வேண்டும். எங்கே பழகுவான்? பள்ளியில் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. வீட்டில் எதிர்த்துப் பேசினால் வாய்க்கொழுப்பு. நாலு இட்லி சாப்பிட்டு, ‘போதும்மா’ என்கிறான். ‘இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ’ என்று தட்டில் போட்டுவிடுகிறோம். உறவினர் வந்தால், ‘மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு’ என்கிறோம். அவன் நெளிகிறான், நாம் விடுவதில்லை, கடைசியில் பாடிவிடுகிறான், எல்லாரும் கைதட்டுகிறோம். எல்லாமே அன்பில் செய்வதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் அதில் கற்றுக்கொள்வது என்ன? நாலு பேர் சேர்ந்து பார்த்தால் என் ‘வேண்டாம்’ செல்லாது, கொடுத்துவிட்டால் சிரிப்பார்கள், சந்தோஷப்படுவார்கள்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆலனும் அவருடைய குழுவினரும் 13 வயதுப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அம்மாவும் பிள்ளையும் கருத்து வேறுபடும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்தார்கள். மதிப்பெண், பணம், நண்பர்கள், வீட்டு விதிகள், இந்த மாதிரி. அம்மாவிடம் காரணம் சொல்லி, அமைதியாகத் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் பேசிய பிள்ளைகள், சில வருடம் கழித்து மது, போதை விஷயத்தில் நண்பர்களின் இழுப்புக்கு அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. கத்தியவர்களையும் அடம்பிடித்தவர்களையும் சொல்லவில்லை, காரணம் சொல்லி வாதாடியவர்களைச் சொல்கிறேன். 2012-ல் வெளியான ஆய்வு இது. நான் பார்க்கும் குடும்பங்களிலும் எனக்குத் தெரிவது இதுதான்.

அதனால் இனி அவன் எதையாவது மறுத்தால், ‘எதிர்த்தா பேசுற?’ என்பதற்குப் பதில் ‘ஏன், காரணம் சொல்லு’ என்று கேளுங்கள். தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்பதா, ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வேண்டாம் என்பதா, எதுவானாலும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. படிப்பு, உடம்பு, பாதுகாப்பு விஷயத்தில் கடைசி முடிவு உங்களுடையதுதான். ஆனால் அவ்வப்போது அவன் ஜெயிக்க வேண்டும், அழுததற்காக இல்லாமல் சொன்ன காரணத்துக்காக ஜெயிக்க வேண்டும். ‘நீ சொல்றது சரிதான், நான் மாத்திக்கிறேன்’ என்று ஒரு பெரியவர் வாயிலிருந்து கேட்ட பிள்ளைக்கு, தன் பேச்சுக்கு ஒரு எடை உண்டு என்பது தெரிந்துவிடுகிறது. சில மாதங்களுக்கு வீட்டில் சத்தம் கொஞ்சம் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியை மாற்றுவது பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். புதுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவனுக்குத்தான் ‘நானும் உங்க ஆளு’ என்று காட்டிக்கொள்ளும் தேவை மிக அதிகம். அங்கேயும் ஒரு டப்பா இருக்கும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே மாணவர்களிடம் கூல் லிப் பரவுவதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியது, அந்த அளவுக்குப் பரவிய விஷயம் இது. பேச்சையே நிறுத்து என்று நீங்கள் போட்ட தடையையும் எடுத்துவிடுங்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு பேசாமல் இருக்க முடியாது, உங்களிடம் மறைத்துப் பேசுவான், அவ்வளவுதான் நடக்கும்.

கணக்குச் சொல்லித்தரும் பையனை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவனும் டப்பாவைத் தொட்டிருக்கலாம். தொட்டுவிட்டு உள்ளுக்குள் உங்கள் மகனைப் போலவே சங்கடப்பட்டிருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு, இந்த வயதில் ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் விரும்பாமல் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பான். விசாரிக்காதீர்கள், அவன் அம்மாவுக்கு அன்றைக்கே போன் போடாதீர்கள். இவர்கள் இருவரும் ஒரு நாள் பேசிக்கொண்டு, ‘இனிமே நாம ரெண்டு பேரும் வேண்டாம்டா’ என்று முடிவெடுத்தால், ஆஷ் கண்ட அந்த இன்னொரு ஆள் உங்கள் மகனுக்குக் கிடைத்துவிட்டான் என்று அர்த்தம். ஒன்றிரண்டு மாதம் பார்த்தும் செட்டு விடாமல் துரத்துகிறது, அடிக்கிறது, காசு கேட்கிறது என்றால் கதை வேறு. அது அழுத்தத்தைத் தாண்டி மிரட்டல் ஆகிவிடும். அப்போது தலைமையாசிரியரிடம் நேரடியாகப் போக வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழைக்கலாம்.

கடைசியாக உங்கள் கணவர். அவர் கோபம் புரிகிறது, பயத்தில் வந்த கோபம் அது. ஆனால் பெல்ட்டுக்காக மகனிடம் அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியாக வேண்டும். ‘புகையிலை தப்பு, அதுல மாற்றமில்ல. நான் அடிச்சதும் தப்பு’ என்று சொன்னால் போதும். மரியாதை குறையாது.

அந்தக் கோபத்துக்கு ஒரு நல்ல வேலையும் இருக்கிறது. டப்பா பையன்களின் கைக்கு எங்கிருந்து வந்தது? பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எங்கேயுமே விற்கக் கூடாது என்று 2003-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு. உங்கள் கணவர் தனியாகக் கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம், மகனை ‘எந்தக் கடைடா?’ என்று குடையவும் வேண்டாம். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வந்தால் அவன் பள்ளியில் தலைகாட்ட முடியாது. சில வாரம் போகட்டும். இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் பையன் பெயரும் வராமல், ‘பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளைச் சோதனை செய்யுங்கள்’ என்று மட்டும் தலைமையாசிரியர் வழியாகக் காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதிக் கொடுக்கட்டும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போடலாம். மனுவின் நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.